கோழி அப்புறம் செய்யலாம், தம்பி

சிவமயம்

காரைக்குடி,
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ போனில் சொன்னதைக் கேட்டு அப்பச்சி சிரித்த சிரிப்பு முகப்பு வரைக்கும் கேட்டது. நான் சிரிக்கவில்லை. எடின்பரோ குளிரில், ராத்திரி பதினொரு மணிக்கு, தாளிப்புப் புகையில் தீ அலாரத்தை அலறவிட்டு, விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் போர்வையோடு வாசலில் நிற்க வைத்தவன் என் மகன் என்றால் சிரிப்பா வரும்? சரி, போனை வைத்த பிறகு கொஞ்சம் சிரித்தேன்.

மிளகாய் மேல் பழி போடாதே. எண்ணெய் புகைகிற அளவுக்குக் காய்ந்த பிறகு எட்டு வரமிளகாயைக் கிள்ளிப் போட்டால் வேறென்ன ஆகும்? நம் அடுப்படியை விட்டு ஒரு எட்டு வைத்தால் திறந்த கட்டு, மேலே வானம். கமறல் அதுபாட்டுக்குப் போய்விடும். உனக்கு மேலே இருக்கும் வானம் அந்த வெள்ளை டப்பா அலாரம்தான். இனிமேல் எண்ணெய் லேசாகச் சூடானதும் கடுகு போடு. மிளகாயைக் கடைசியில் போட்டு, நிறம் மாறும் முன்னே குழம்பில் கொட்டிவிடு. ஜன்னலைத் திறந்து வை, குளிர்ந்தாலும் பரவாயில்லை.

கூடப் படிப்பவர்கள் செட்டிநாட்டுக் கோழி கேட்டார்கள், அதனால்தான் செய்தேன் என்றாய். ஊர் உலகமெல்லாம் ஹோட்டல் போர்டில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, நாம் மூன்று வேளையும் மிளகைத்தான் தின்கிறோம் என்று நினைக்கிறது. நம் வீட்டில் கோழி வாரத்தில் ஒரு நாள். மற்ற ஆறு நாளும் நீ என்ன சாப்பிட்டாய் என்று நினைத்துப் பார். இளங்குழம்பு, கீரை மசியல், அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்த வெண்டைக்காய் மண்டி, ராத்திரி இட்லிக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி. மசாலாவுக்கான கல்பாசியும் மராட்டி மொக்கும் டப்பாவில் இருந்தன, தினமும் அடுப்புப் பக்கம் வரவில்லை. கோழி அப்புறம் செய்யலாம். மூணே முக்காலுக்கே இருட்டிவிடுகிறது, லைப்ரரியிலிருந்து தலைவலியோடு வருகிறேன் என்கிறாயே, அந்த நாளுக்கு உன் கையில் ஒரு சமையல் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கவலைதான்.

அதற்கு இளங்குழம்பு போதும். அரை டம்ளர் பாசிப்பருப்பைக் கழுவி மூன்று டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளோடு போடு. குக்கர் வேண்டாம். துவரம்பருப்பு மாதிரி அடம் பிடிக்காது, இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் குழைந்துவிடும். பாதி வெந்ததும் ஒரு வெங்காயம், இரண்டு தக்காளி, காய் எது இருக்கிறதோ அது, நான் கொடுத்த குழம்புப் பொடியில் ஒரு கரண்டி. புளி நெல்லிக்காய் அளவுகூட வேண்டாம், அதையும் கடைசியில்தான் ஊற்ற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாமல் முழித்துக்கொண்டு நிற்கும். வெந்தயம், சோம்பு, உளுந்து தாளித்தால் நம் வீட்டு வாசனை வரும். அலுப்பாக இருந்தால் தாளிக்காமலே சாப்பிடு, யார் கேட்கப் போகிறார்கள்.

சோற்றைப் பற்றி ஒன்று. ராத்திரி வடித்ததை அடுப்பு மேலேயே விட்டுவிட்டு மறுநாள் மத்தியானம் சூடு பண்ணிச் சாப்பிடுகிறாயாமே. அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கும். அந்த விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடு. அப்பத்தா நீராகாரம் குடிக்கவில்லையா என்று வாதாடாதே. அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது, அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே.

அப்புறம் அந்த ஓவன். சும்மாதான் கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை என்றாய். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. நான் ஒன்றுக்கு எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா! கோசமல்லிக்கு இங்கே கத்திரிக்காயை வேகவைத்து மசிப்போம். நீ நாலு இடத்தில் குத்திவிட்டு (குத்தாவிட்டால் வெடிக்கும், அப்புறம் ஓவனைக் கழுவுவது உன் வேலை) 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் வை. தோல் சுருங்கி உள்ளே வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். அதை மசித்து, புளித்தண்ணீர், வதக்கிய வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்தால் ரொட்டிக்கும் ஆகும். கொஞ்சம் சுட்ட வாசனை இருக்கும், அப்பத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். எனக்குப் பிடிக்கும்.

கேக்கும் செய். கல்யாணமான புதிதில் நான் குக்கரில் கேக் சுட்டேன். அடியில் ஓர் அங்குலம் மணல், கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, சின்னத் தணலில் முக்கால் மணி நேரம். வெந்துவிட்டதா என்று மூன்று தடவை திறந்து பார்த்தேன். சூடெல்லாம் வெளியே போய் நடுவில் குழி விழுந்துவிட்டது. "பெரிய சைஸ் குழிப்பணியாரம்" என்று சொல்லி உன் அப்பச்சி முழுவதையும் சாப்பிட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் கிண்டல் அதுதான்.

உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இரண்டு முட்டையை ஓட்டோடு நிறுத்துப் பார். எத்தனை கிராமோ அத்தனை வெண்ணெய், அத்தனை சர்க்கரை, அத்தனை மாவு. அந்த ஊரில் பேக்கிங் பவுடர் கலந்தே மாவு விற்கிறார்களாம், அதை வாங்கு. வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை நன்றாகக் குழை, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர், மாவைப் போட்ட பிறகு அதிகம் கிண்டாதே. 180 டிகிரி, ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 160. முதல் இருபது நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது. அப்புறம் ஒரு குச்சியால் குத்திப் பார், மாவு ஒட்டாமல் வந்தால் எடுத்துவிடு.

பார்சலில் கும்மாய இனிப்பு கிண்ட மாவும் கருப்பட்டியும் இருக்கின்றன. நெய் வைக்கவில்லை. பால் பொருளை இங்கிருந்து அங்கே அனுப்ப விடமாட்டார்கள். உப்புப் போடாத வெண்ணெய் வாங்கிச் சின்னத் தீயில் உருக்கு. நுரை அடங்கி, அடியில் பொன் நிறமாகக் கசடு தெரியும்போது இறக்கி வடிகட்டு. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றால் கருகிவிடும். மாவு ஒரு பங்கு, கருப்பட்டி ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. கருப்பட்டியைக் கரைத்துக் கட்டாயம் வடிகட்டு, மண் இருக்கும். மாவை நெய்யில் லேசாகப் புரட்டி, கரைசலை ஊற்றி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை கிண்டு. கால் டம்ளர் மாவு உனக்கு ஒரு வேளைக்குத் தாராளம்.

உன் ஐயாவும் அவருக்கு முந்தியவர்களும் மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூனும் பினாங்கும் போனவர்கள். கடையும் படுக்கையும் ஒன்றான கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியோடு படுத்துக் கிடந்தாலும், அங்கே சமைத்துப் போட ஆள் இருந்தது. சோறு வடிக்கத் தெரியாமலே கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்துவிட்டார்கள். நம் வீட்டில் அக்கரைக்குப் போய்த் தானே கரண்டி பிடிக்கிற முதல் ஆம்பிளை நீதான். அப்பத்தாவிடம் சொன்னேன். "பாவம்" என்று ஒரே வார்த்தை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இன்றிலிருந்து கணக்கு வைத்தால் இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. அங்கே நம்மவர்கள் கூடுகிற வீடு இருந்தால் போ. இல்லாவிட்டால் நீ மட்டும் இழை எடுத்துக்கொள். கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 இழையைத் திரித்து, பார்சலில் தனிப் பொட்டலமாக வைத்திருக்கிறேன். பச்சரிசி மாவும் வெல்லமும் இருக்கின்றன, நீ உருக்கிய நெய்யை விட்டுப் பிசைந்து, இழையை அதில் திரியாக வைத்து ஏற்று. சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது உனக்குத் தெரியும்.

ஏற்றும்போது அந்த வெள்ளை டப்பாவுக்கு நேர் கீழே நிற்காதே.

ஆத்தா