லவ் பேர்ட்ஸுக்குத் தினை மட்டும் போதாது. கீரையும் காலை வெயிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை விட்டதும் பிள்ளைகளின் பிடிவாதத்துக்காக லவ் பேர்ட்ஸ் ஜோடி வாங்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பெயரில் நம் கடைகளில் விற்பவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்த பட்ஜி கிளிகள். பச்சைக்கிளி வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜிக்கு அந்தத் தடை இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு ஆண்டு வாழக்கூடிய இந்தப் பறவை, பல வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டிலேயே செத்துப்போகிறது. வெறும் தினையும் வெயில் எட்டாத மூலையும் அதற்குப் பெரிய காரணங்கள். இரண்டையும் செலவில்லாமல் மாற்ற முடியும் என்பதால்தான் இக்கடிதம்.

முதலில் தீனி. 30 முதல் 40 கிராம் எடையுள்ள ஒரு பட்ஜிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு டீஸ்பூன் தானியம் போதும். தினையோடு பனிவரகு, கொஞ்சம் கம்பு, கிடைத்தால் சாமை, குதிரைவாலி கலந்து வையுங்கள். மளிகைக் கடையில் சோறாக்க விற்கும் தீட்டிய தினையரிசி வேண்டாம், உமியோடு இருப்பதே வேண்டும். ஒரு ஸ்பூன் எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தால் மூன்று நாளில் பெரும்பகுதி முளைவிட வேண்டும். முளைக்காவிட்டால் அது பழைய சரக்கு. விதைப்புக்கென்று மருந்து கலந்து, சிவப்புச் சாயம் ஏற்றி விற்கும் விதைகளை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், அது விஷம். சூரியகாந்தி விதையில் பாதிக்குப் பாதி கொழுப்பு. கையில் வந்து உட்காரப் பழக்கும்போது ஒன்றிரண்டு கொடுக்கலாம், கிண்ணத்தில் கொட்டக் கூடாது.

கிண்ணத்தைப் பற்றி இன்னொன்று. பட்ஜி தானியத்தை உரித்துவிட்டு உமியை அதே கிண்ணத்திலேயே போடும். மாலையில் பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தெரியும். மேலே இருப்பது முழுக்க உமி. தீனி இருக்கிறது என்று நம்பி ஊருக்குப் போய்த் திரும்புபவர்கள் பறவை பட்டினியில் செத்துக் கிடப்பதைப் பார்க்க நேர்கிறது. தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புதுத் தானியம் போடுங்கள்.

தானியத்தில் வைட்டமின் ஏ, கால்சியம், அயோடின் மூன்றும் மிகக் குறைவு. வருடக்கணக்கில் அதை மட்டுமே தின்னும் பறவைக்கு மூச்சுக்குழலிலும் சைனஸிலும் தொற்று வரும், தைராய்டு வீங்கும், கல்லீரலில் கொழுப்பு படியும். அலகு அளவுக்கு மீறி வளர்ந்து வளைவது பல நேரம் கல்லீரல் கோளாறின் அடையாளம். அதை வெறுமனே வெட்டிவிட்டால் நோய் போய்விடாது. இதற்கெல்லாம் முருங்கைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவை நம் சமையலறையிலேயே உண்டு. பாலக்கில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியம் உடலில் சேருவதைத் தடுக்கும் என்பதால் அதை எப்போதாவது மட்டும் கொடுங்கள். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம். உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிய பிறகே கூண்டுக்குள் வையுங்கள். கால்சியத்துக்கு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை, அதாவது கணவாய் ஓடு, ஒரு துண்டு போதும். மிருதுவான பக்கம் பறவையைப் பார்த்திருக்கும்படி கம்பியில் கட்டிவிடுங்கள்.

கீரையைக் கண்டதும் பட்ஜி பாய்ந்து வந்து தின்னாது. பழக்கமில்லாத பச்சையைப் பார்த்து ஒதுங்கும், சில பறவைகள் வாரக்கணக்கில். கிண்ணத்தில் போடாமல் ஒரு கொத்தாகச் சேர்த்து, அது வழக்கமாக உட்காரும் குச்சிக்குப் பக்கத்தில், பறவையின் தோள் உயரத்தில், துணி கிளிப்பால் மாட்டுங்கள். ஈரம் சொட்ட மாட்டினால் இன்னும் நல்லது. காட்டில் ஈரப்புல்லில் புரண்டு குளிக்கும் பறவை இது. குளிக்க வந்து அப்படியே இலையைக் கடித்துப் பழகும். காலையில் முதல் ஒரு மணி நேரம் கீரை மட்டும், அதற்குப் பிறகு தானியம். கீரை தின்னட்டும் என்று நாள் முழுக்கத் தானியத்தை நிறுத்துவது ஆபத்து. இவ்வளவு சின்ன உடம்பு ஒரு நாள் பட்டினியையே தாங்குவது கடினம். ஒரு கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசில் எடை பாருங்கள். 35 கிராம் பறவை 32க்குக் கீழே போனால் பழையபடி தானியத்தைக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் போட்ட எதுவும் ஆகாது. மிக்சரும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இனி வெயில். ஜன்னல் ஓரம் கூண்டை வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணாடி வழியே வெளிச்சமும் சூடும்தான் வரும். உடல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்ற கால்சியமும் சேராது, பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பால்கனியிலோ மாடியிலோ, காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் அரை மணி நேரம் நேரடி வெயில் கொடுங்கள். கூண்டின் பாதியை எப்போதும் துணி போட்டு மூடி நிழலாக வைத்திருக்க வேண்டும், உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும். புதுப் பறவையை முதல் சில நாள் பத்து நிமிடத்தோடு உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

அந்த அரை மணி நேரமும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பயந்த பட்ஜி தப்பிப்பதற்காகக் கூண்டுக் கம்பியில் தொற்றிக்கொள்ளும். காகமும் வல்லூறும் வெளியில் நீட்டிய கால் விரலைக் கொத்திவிடும். பூனைக்கு நகம் நுழையும் இடைவெளி போதும். கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. தூக்கித் திறக்கும் சின்னக் கதவுகளைப் பட்ஜி அலகால் தூக்கிவிடும், கொக்கி போட்டுப் பூட்டுங்கள். அடித்தட்டு கழன்று பறவை பறந்துபோவதும் உண்டு, அதையும் கம்பியால் கட்டுங்கள். புதிதாக வாங்கிய ஜிங்க் பூசிய வலையை வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. உதிரும் ஜிங்கைத் தின்றால் பறவைக்கு விஷம். இறகு வெட்டியிருக்கிறதே என்று கையில் வைத்து வெளியே கொண்டுபோவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். காற்று ஒரு வீசு வீசினால் வெட்டிய இறகோடும் எதிர்வீட்டு மாடிவரை போய்விடும். தெருவில் தனியாக இரை தேடவோ காகத்திடமிருந்து தப்பவோ அதற்குத் தெரியாது.

சிறகு விரித்துப் பறக்க வீட்டுக்குள் ஓர் அறை போதும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கூண்டைத் திறக்க வேண்டும். நம் வீடுகளில் பறவை சாவதற்கு அது ஒன்றே போதும். ஜன்னலை மூடி, கண்ணாடிக்குத் திரை போட்டு, தண்ணீர் வாளியை மூடிவையுங்கள். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, அதிகம் காய்ந்த நான்-ஸ்டிக் தவாவிலிருந்து வரும் ஆவி மூன்றும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாதவை. கடைசியாகச் சொன்னது சில நிமிடங்களிலேயே கொல்லும்.

அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் காட்டுவதை எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். பறவைக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டால் அது சூடு தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் காலையும் சிறகின் அடிப்பக்கத்தையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். கால் மணி நேரத்தில் மூச்சு சீராகாவிட்டால் பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
பறவை வளர்ப்போர் சிலர்,
கொளத்தூர், சென்னை.