முன் சக்கரத்தைக் கவனி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். முன்பல் விழுந்த வாயோடு ஓடிவந்த பிள்ளை இன்று சம்பளம் வாங்குகிறது! இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. நடப்பதைவிடச் சைக்கிள் மிதிப்பது மேல் என்று டாக்டரே சொல்லிவிட்டதால், வண்டியை எடுக்கும்போது வீட்டில் யாரும் முறைப்பதில்லை.

சரி, உன் கடிதத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருக்கும் புது ரோடு பைக்குக்கு, அந்த மெல்லிய டயர் சைக்கிளுக்கு வருவோம். மழையில் போனால் முதுகு நெடுகச் சேற்றுக்கோடு விழுகிறது, பின்பக்கம் ஒரு மட்கார்டு போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறாய். கடையிலோ "இந்த வண்டிக்கு மட்கார்டெல்லாம் சரிப்படாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உன் கேள்வி. பின்பக்கம் மட்டும் போட்டுவிட்டு நிறுத்தாதே. ஒன்றுதான் மாட்ட முடியும் என்ற நிலை வந்தால் நான் முன்பக்கத்தைத்தான் எடுப்பேன்.

ஏன் என்கிறாயா? பின் சக்கரம் அடிக்கும் சேறு உன் சட்டையில் விழுகிறது. துவைத்தால் போய்விடும். முன் சக்கரம் அடிப்பது வண்டியில் விழுகிறது. டயர் தரையை விட்டு எழும்பும் அந்த இடத்தில் தண்ணீர் பின்னோக்கித் தெறிக்கிறது. நேரே எதிரில் இருப்பவை உன் ஷூ, பெடல் அச்சு, பல்சக்கரம், செயின். வெறும் தண்ணீர் என்றால் துடைத்துவிடலாம். அதோடு பொடி மணலும் சேர்ந்து வருகிறது. எண்ணெயில் ஒட்டிய மணல் செயினின் ஒவ்வொரு கணுவையும் உள்ளிருந்து அரைக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் பேரிங்குக்குள்ளும் இதே தண்ணீர்தான் ஏறுகிறது. சக்கரத்தின் மேல்பக்கத்திலிருந்து பறக்கும் துளிகள் முன்னால் போகின்றன. வேகமாகப் போனால் நீயே ஓடிப்போய் அதில் முகத்தைக் கொடுப்பாய்.

ஆக, மட்கார்டு வாங்கும்போது முன்பக்கத் துண்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார். பலரும் மேல்வளைவின் அழகைப் பார்த்து வாங்குகிறார்கள். வேலை நடப்பது கீழ்நுனியில். அது பெடல் அச்சின் உயரத்திலேயே நின்றுவிட்டால் கால் நனையத்தான் செய்யும். அதற்குக் கீழே ரப்பரிலோ தடித்த பிளாஸ்டிக்கிலோ ஒரு மடல் வெட்டித் தொங்கவிடு, தரையிலிருந்து நாலு விரல் இடைவெளி இருந்தால் போதும். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டைகூட நன்றாக உழைக்கும்.

இனி கடைக்காரர் சொன்ன பாதி உண்மை. ரோடு பைக் செய்கிறவர்கள் டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தை இருபக்கமும் பிடிக்கும் கவை) நடுவே இடம் விடுவதில் மகா கஞ்சர்கள். சக்கரத்தின் விளிம்பை இருபக்கமும் கவ்வும் ரிம் பிரேக் வண்டி என்றால் இடுக்கு இன்னும் மோசம், பிரேக்கின் வளைவு டயரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை ரிம்மைத் தொடும் இடம்வரை உள்ள தூரம் சாதாரண ரோடு பிரேக்கில் 39 முதல் 49 மில்லிமீட்டர். மட்கார்டை மனதில் வைத்துச் செய்த வண்டிகளில் 47 முதல் 57 வரை இருக்கும். இந்த எட்டு மில்லிமீட்டர்தான் எல்லாத் தகராறுக்கும் காரணம். டிஸ்க் பிரேக் வண்டியில் டயருக்கு மேலே அந்த வளைவே இல்லை, அதனால் பெரும்பாலும் தாராளமாக இடம் கிடைக்கும்.

அளந்து பார்க்க ஸ்கேல்கூட வேண்டாம், ஆலன் கீ செட்டை, அந்த அறுகோணச் சாவிகளை எடு. காற்றை முழுதாக அடித்துவிட்டு, டயருக்கும் அதற்கு மேலே மிக நெருக்கமாக இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒவ்வொரு கீயாக நுழைத்துப் பார். பெடல் கழற்றும் 8 மில்லிமீட்டர் கீ உரசாமல் போனால் முழு மட்கார்டை முயற்சி செய்யலாம். 4 மில்லிமீட்டர் கீயே திணறினால் ஆசையை விட்டுவிடு. பின் சக்கரத்திலும் இப்படியே பார், சீட்டுக்குக் கீழே ஓரிடம், பெடல் அச்சுக்குப் பின்னால் ஓரிடம். டயரில் அகலம் 25 மில்லிமீட்டர் என்று அச்சடித்திருப்பதை நம்பாதே. அகலமான ரிம்மில் ஏறினால் அது 27, 28 என்று உப்பிவிடும். மட்கார்டின் அகலம் டயரின் நிஜ அகலத்தைவிட எட்டுப் பத்து மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். 25 டயருக்கு 35 மட்கார்டு என்பது வழக்கமான ஜோடி.

இடமே இல்லை என்றால் கிளிப் வைத்து மாட்டும் வகை இருக்கிறது. ரப்பர் பட்டையால் ஃபோர்க்கிலும் பின் கம்பிகளிலும் கட்டிவிடலாம், வெயில் வந்ததும் கழற்றிவிடலாம். ஆனால் பிரேக்குக்கு அடியில் நுழையாமல் அங்கேயே நின்றுவிடும், அந்த இடைவெளியில் தண்ணீர் அடிக்கும். ஒன்றுமில்லாததற்கு அது மேல். அவசரத்துக்கு அதை மாட்டிவிட்டு, அதுவே போதும் என்று இருந்துவிடாதே என்பதுதான் என் கவலை. மேடுபள்ளத்தில் அது ஆடி ஆடி டயரை உரசிக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தோடு மணிக்கணக்கில் மிதிக்க உனக்குப் பொறுமை கிடையாது, எனக்குத் தெரியும்.

மாட்டும் வேலைக்கு ஒரு மதியம் ஒதுக்கு. எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே பாதி முடுக்கி, மட்கார்டைச் சக்கரத்தின் வட்டத்தோடு பொருத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும். ஒரு முனையை முழுதாக இறுக்கிவிட்டு மறுமுனையை வம்புக்கு இழுத்து வளைத்தால், பிளாஸ்டிக் அந்த இழுப்பை ஞாபகம் வைத்துக்கொண்டு ஒருநாள் விரிசல் விடும். மட்கார்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே கம்பி நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் ரம்பத்தால் அறுத்து, அரத்தால் முனையை மழுக்கி, மூடியைப் போட்டுவிடு. அறுத்த முனை கெண்டைக்காலைக் கிழிக்கும். வண்டி குலுங்கிக் குலுங்கி நட்டுகளைக் கழற்றப் பார்க்கும் என்பதால், உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போடு. அது இல்லையென்றால் மரையில் நீல நிற லாக் பசை ஒரு சொட்டு.

வலதுபக்கப் பின் போல்ட்டில் கவனமாக இரு. ஃபிரேமின் துளையில் அதை முடுக்கினால் அதன் நுனி உள்பக்கமாக எட்டிப் பார்க்கும். அங்கேதான் மிகச் சிறிய பல்சக்கரம் இருக்கிறது. நுனி ஓரிரு மில்லிமீட்டர் அதிகம் நீண்டாலும், கடைசி கியருக்குப் போகும்போது செயின் அதில் மாட்டிக்கொள்ளும். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் செயினை அந்தக் கியரில் போட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்று. உரசல் கேட்டால் குட்டையான போல்ட்டை மாற்று, அல்லது தலைப்பக்கம் இன்னொரு வாஷர் போடு.

ஃபிரேமில் துளையே இல்லாவிட்டால் ரப்பர் உறை போட்ட கவ்வு வளையங்கள் கிடைக்கும், குழாயைச் சுற்றிப் பிடிக்கும். இரும்பு, அலுமினியத்தில் தாராளமாகப் போடலாம். கார்பன் நாரால் செய்த ஃபோர்க்கில் போட்டு இறுக்காதே. கார்பன் இழுவையைத் தாங்கும், ஓரிடத்தில் நசுக்குவதைத் தாங்காது. சீட் போஸ்ட்டில் மட்டும் பிடிக்கும் லக்கேஜ் கேரியரையும் இதே காரணத்துக்காகக் கார்பன் போஸ்ட்டில் மாட்டக் கூடாது.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. முன் மட்கார்டின் ஸ்டே கம்பிகள், இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கிளிப் வைத்தவையாக இருக்க வேண்டும். சாலையில் கிடக்கும் குச்சி ஒன்று டயருக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டினால், சக்கரம் அதை மேலே இழுத்துக்கொண்டு போகும். கூடவே மட்கார்டும் கசங்கி ஃபோர்க்குக்கு அடியில் திணியும். சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவன் ஹேண்டில்பாருக்கு மேலே போவான். கிளிப் இருந்தால் 'டக்'கென்று கழன்று சக்கரத்தை விட்டுவிடும். பெட்டியில் அந்தக் கிளிப் வந்திருந்தும் "எதற்கு இது" என்று போடாமல் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

மாட்டி முடித்ததும் நின்றபடி பெடலைக் கிடைமட்டமாக வைத்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார். ஷூவின் முனை மட்கார்டில் இடிக்கலாம். சின்ன சைஸ் ஃபிரேமில் இது சகஜம். வேகத்தில் தொந்தரவு இல்லை, அப்போது ஹேண்டில்பாரை அவ்வளவு திருப்ப மாட்டோம். கூட்டத்தில் மெதுவாக வளைக்கும்போதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பின்பக்க மடல் உனக்காக இல்லை, உனக்குப் பின்னால் வருகிறவனுக்காக. நாம் இருவரும் சேர்ந்து போகும்போது நீதான் முன்னால் போவாய், நான் உன் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு வருவேன். அதனால் அந்த மடலை நீளமாகவே வை. என் கண்ணாடியைத் துடைக்கக் கையை எடுக்கும் வயது எனக்குத் தாண்டிவிட்டது.

மற்ற உபகரணங்களின் பட்டியலைப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. ஹேண்டில்பாரில் லைட், பெல், ஃபோன் பிடிப்பான், கணினி, பை எல்லாம் போட்டால் கையை எங்கே வைப்பாய்? லைட் இரண்டும் அவசியம். முன் லைட்டைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வை, எதிரே வருகிறவர் கண் கூசக் கூடாது. பின் லைட்டை சீட் பையின் மேல் மறைவில் மாட்டுகிறவர்கள் அநேகம். வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார், நேராகத் தெரிகிறதா என்று. பெல், கட்டை விரல் எட்டுகிற இடத்தில். வேகம், தூரம் காட்டும் கணினி இருக்கும்போது ஃபோன் எதற்கு? சட்டைப் பையில் கிடக்கட்டும்.

சீட் பையில் ஒரு டியூப், டயர் கழற்றும் லீவர் இரண்டு, சின்ன டூல் செட். டியூபைத் துணியில் சுற்றி வை. இல்லாவிட்டால் டூல் அதை உராய்ந்து உராய்ந்து, நீ எடுக்கும்போது அதுவே பஞ்சராக இருக்கும். பம்ப் உன் டியூபின் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே சரிபார். பாட்டில் ஸ்டாண்ட் போல்ட்டுகளில் துளி கிரீஸ் தடவி விரலால் முடுக்கத் தொடங்கு, மரை சரியாக உட்கார்ந்தபின் ஆலன் கீ. அவ்வளவுதான். முழு மட்கார்டு ஏறக்குறைய அரைக் கிலோ வரும். அதைப் பற்றி நீ அங்கலாய்க்கப் போகிறாய் என்று தெரியும். நம் இருவரின் இடுப்பிலும் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

அப்புறம், உன் வண்டி ரிம் பிரேக்கா டிஸ்க்கா, ஃபோர்க் கார்பனா, அடியில் போல்ட் துளை இருக்கிறதா என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லையே! நிறத்தை மட்டும் ஒரு பத்தி வர்ணித்திருக்கிறாய். முன் ஃபோர்க்கை அடியிலிருந்தும், பின் சக்கரத்தின் அச்சுப் பக்கத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. எந்த ஆலன் கீ நுழைந்தது என்பதையும் எழுது. அதுவரை எதையும் வாங்காதே.

மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லு. தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்