அந்தப் படிவத்தில் தமிழில் ஒரு வரி: அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

போன மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று ஒரு ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குக் குடல் அடைப்பு. படிவத்தில் 'கொலோஸ்டமி' என்று இருந்தது. தெரிந்தவர் ஒருவருக்குக் 'கொலெக்டமி' செய்து, குடலில் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டுத் தைத்திருந்தார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நர்ஸ் போர்வையை விலக்கினார். அப்பாவின் வயிற்றில் இடப்பக்கம், கன்னத்தின் உட்புறம் போலச் சிவப்பாக, ஈரமாக ஒரு சதை வெளியே தெரிந்தது, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பை. "தையல் பிரிஞ்சிடுச்சாப்பா?" என்று அப்பா கேட்டார். கையெழுத்துப் போட்ட எனக்கே பதில் தெரியவில்லை. இனி கொஞ்ச நாளைக்கு மலம் அந்த வழியாகத்தான் வரும் என்று அந்த நர்ஸ்தான் சொன்னார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கிரேக்கத்தில் 'ஸ்டோமா' என்றால் வாய். பெயர் 'ஆஸ்டமி' என்று முடிந்தால் உடம்பில் புதிதாக ஒரு வாய் திறக்கிறார்கள், 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பதோடு சரி. இரண்டெழுத்து மாறினால் ஒரு மனிதர் அன்றாடம் வாழ்கிற விதமே மாறிவிடுகிறது. உங்களுக்கு இது கல்லூரியில் சேர்ந்ததும் படித்த பாடம், எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அப்பா உயிரோடு இருப்பது உங்களால்தான், அதை மறக்கவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒப்புதல் படிவத்தில் அந்தப் பெயருக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதுங்கள். 'பெருங்குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டுப் பை பொருத்துவோம்' என்றிருந்தால் அப்பாவிடம் முதல் நாளே சொல்லியிருப்பேனே.

ஆபரேஷன் மட்டுமா? ரிப்போர்ட்டில் 'லிப்போமா' என்று பார்த்துவிட்டு என் அத்தை நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெறும் கொழுப்புக் கட்டி அது. 'லிம்போமா' புற்றுநோய். இரண்டும் 'ஓமா' என்றே முடிந்தால் வீட்டில் இருப்பவர்கள் எதை நம்புவது? தமிழில் இதையெல்லாம் எழுத முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், அதற்காக மருத்துவ நூல்களையே தமிழில் கொண்டுவந்தார். நாங்கள் நூல் கேட்கவில்லை, ஒரு வரிதான் கேட்கிறோம்.

இன்னும் சில மாதத்தில் அந்தத் திறப்பை மூட அப்பாவுக்கு மறுபடி ஆபரேஷன். அதற்கும் ஒரு படிவம் வரும். தயவுசெய்து அதிலாவது அந்த வரி இருக்கட்டும். இந்த முறை அப்பாவே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்