கோவை நகரப் பேருந்துகளில் வாரப் பாஸ் கேட்டு மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
துடியலூர், வெள்ளக்கிணறு, கவுண்டம்பாளையம் பகுதிகளிலிருந்து தினமும் வேலைக்குப் போகும் பேருந்துப் பயணிகள்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கோயம்புத்தூர்.

பொருள்: கோவை நகரப் பேருந்துகளில் வாரச் சம்பளக்காரர்களுக்கு ஏற்ற வாரப் பாஸ் கொண்டுவரவும், எந்தப் பாஸ் யாருக்குப் பொருந்தும் என்பதைப் பேருந்து நிலையங்களில் பலகையாக வைக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஊர்களில் குடியிருக்கிறோம். வேலை பார்க்கும் இடம் ஆளுக்கொரு திசை. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் பட்டறைக்குப் போகிறவர்கள், ஆவாரம்பாளையத்தில் மோட்டார் பம்ப் வேலைக்குப் போகிறவர்கள், சிங்காநல்லூர்ப் பக்கம் மில்லுக்குப் போகிறவர்கள், ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் துணிக்கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். காந்திபுரத்திலோ உக்கடத்திலோ இறங்கி அடுத்த பஸ் ஏறாமல் எங்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போய்ச் சேர முடியாது. போகும்போது இரண்டு டிக்கெட், வரும்போது இரண்டு டிக்கெட். நேரடிப் பேருந்து இல்லாத ஊரில் குடியிருப்பதால், ஒரே பயணத்துக்கு இரண்டு தடவை காசு கொடுக்கிறோம்.

இதற்குத் தீர்வு பாஸ்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மாதிரிப் பாஸ் என்பதில்தான் எங்கள் கோரிக்கையே இருக்கிறது.

சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 1000 ரூபாய்க்கு மாதப் பாஸ் தருகிறது. குளிர்சாதனம் இல்லாத பேருந்துகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். 2025 மார்ச்சில் குளிர்சாதனப் பேருந்துகளுக்கும் சேர்த்து 2000 ரூபாய்ப் பாஸ் வந்தது. அதே வருடம் ஜனவரியிலிருந்து, மெட்ரோ ரயிலில் பயன்படும் சிங்காரச் சென்னை அட்டையை மாநகரப் பேருந்திலும் பயன்படுத்தலாம் என்றானது. செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கிற மாதிரி 'சென்னை ஒன்' செயலி வந்தது. சென்னைப் பயணிக்கு இன்று தெரிவு இருக்கிறது. அந்தத் தெரிவு கோவைக்கும் வேண்டும். ஆனால் சென்னையில் இருப்பதை அப்படியே எடுத்து இங்கே வைத்தால் எங்களுக்கு அது பொருந்தாது. ஏன் என்று கணக்கோடு சொல்கிறோம்.

ஒரு பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு டிக்கெட் நாற்பது ரூபாய். மாதத்தில் 26 நாள் வேலை என்றால் 1040 ரூபாய். 1000 ரூபாய்ப் பாஸ் எடுத்தால் மிச்சம் 40 ரூபாய்தான். இடையில் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நாற்பதும் போய்விடும், இன்னொரு நாள் லீவு போட்டால் நஷ்டம். ஆர்டர் இல்லாமல் பட்டறையில் நாலு நாள் ஷட்டரை இறக்கினால் பாஸ் சட்டைப்பையில் சும்மா கிடக்கும். தினமும் அறுபது, எழுபது ரூபாய் டிக்கெட்டுக்குச் செலவழிக்கிறவருக்கு மாதப் பாஸ் நல்ல லாபம். நாற்பது ரூபாய்க்காரருக்கு அது லாபமே இல்லை. எங்களில் நாற்பது ரூபாய்க்காரர்கள்தான் அதிகம்.

அடுத்தது, அந்த ஆயிரம் ரூபாய் எப்போது கையில் இருக்கும் என்பது. கொங்கு நாட்டில் தொழில் நடக்கிற விதம் தாங்கள் அறியாதது அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியானாலும் கோவைப் பட்டறையானாலும் சனிக்கிழமை சாயங்காலம்தான் சம்பளம். அந்தப் பணத்தில் மளிகை, ஞாயிற்றுக்கிழமைக் கறி, சீட்டுப் பணம், பிள்ளைக்கு நோட்டு என்று வார வாரம் கணக்கு முடிந்துவிடும். மாதம் பிறந்ததும் ஆயிரம் ரூபாயை ஒரே மூச்சில் எடுத்து வைக்கிற குடும்பம் எங்கள் வீதிகளில் குறைவு. கையெழுத்து வாங்கப் போனபோது ஓர் அண்ணன் கேட்டார்: "ஏனுங்க, ஆயிரத்த ஒரே நாள்ல பஸ்ஸுக்குக் குடுத்துப்போட்டு அந்த வாரம் ஊட்டுக்கு என்னங்க பண்றது?" மாதச் சம்பளக்காரருக்கு மாதப் பாஸ் சரி. வாரச் சம்பளக்காரருக்கு வாரப் பாஸ்தான் சரி.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, வாரப் பாஸ். அதன் விலையையும் யோசித்துத்தான் கேட்கிறோம். மாதத்துக்கு ஆயிரம் என்ற விகிதத்தை ஏழு நாளுக்குப் பிரித்தால் 233 ரூபாய் வருகிறது. ஆறு நாள் டிக்கெட் எடுத்தால் 240 ரூபாய். ஏழு ரூபாய் மிச்சத்துக்காக யாரும் பாஸ் எடுக்க மாட்டார்கள். ஐந்து நாள் கட்டணத்தில் வாரம் முழுக்கப் பயணம் என்று வைத்தால், அதாவது எங்கள் கணக்கில் 200 ரூபாய் என்றால், ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் பஸ் செலவு வீட்டில் நிற்கும். அந்த 200 ரூபாய் வாரத் தொடக்கத்திலேயே கோவையில் அரசுப் பேருந்து ஓட்டும் போக்குவரத்துக் கழகத்துக்கு வந்துவிடும். நடத்துநருக்கும் கூட்டத்துக்குள் புகுந்து சில்லறை தேடுகிற வேலை குறையும். வாரம் என்பது திங்கட்கிழமைதான் தொடங்க வேண்டும் என்றில்லாமல், எடுத்த நாளிலிருந்து ஏழு நாள் என்று இருக்க வேண்டும். புதன்கிழமை புது வேலையில் சேர்ந்தவரும் அன்றே எடுக்க முடியும்.

எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். கவுண்டர் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடினால் அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் வேலையில் இருப்போம். பாஸ் எடுக்க அரை நாள் கூலியை விட முடியாது. நடத்துநரிடம் இருக்கிற டிக்கெட் கருவியிலேயே வாரப் பாஸ் அடித்துத் தர ஏற்பாடு செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் காந்திபுரம், உக்கடம், சிங்காநல்லூர், மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையங்களில் இரவு ஒன்பது வரை கவுண்டர் திறந்திருக்க வேண்டும். போட்டோ, ஆதார் நகல், விண்ணப்பம் என்று வாரப் பாஸுக்குக் கேட்க வேண்டாம். எங்களோடு வேலை செய்கிற வடமாநிலத் தம்பிகள் பலர் வாடகை அறையில் இருக்கிறார்கள், இங்கே முகவரிச் சான்று கிடையாது. அவர்களும் தினமும் இதே பஸ்ஸில்தான் வருகிறார்கள்.

பாஸ் எந்தப் பஸ்ஸில் செல்லும் என்ற கேள்விக்கு வருகிறோம். இதைத் தாங்கள் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நகரப் பேருந்திலேயே சாதாரணம், சில நிறுத்தங்களில் மட்டும் நிற்கும் எல்.எஸ்.எஸ்., சொகுசு என்று வகைகள் உண்டு, கட்டணமும் வேறு. அவசரத்தில் நிற்கிறவர் முதலில் வருகிற பஸ்ஸில்தான் ஏறுவார். சாதாரணப் பேருந்துக்கு மட்டும் பாஸ் என்றால், கையில் பாஸ் வைத்துக்கொண்டே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதுக்கு நிற்க வேண்டிவரும். மில் கேட்டில் கால் மணி நேரம் தாமதமானால் அரை நாள் போச்சு. அதனால் எல்லா வகை நகரப் பேருந்துக்கும் ஒரே பாஸ் என்பதே எங்கள் விருப்பம்.

பெண்களுக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் இருக்கிறது. அந்தத் திட்டத்தால் எங்கள் வீடுகளில் எவ்வளவு பணம் மிச்சமாகிறது என்பதை நன்றியோடு சொல்கிறோம். ஆனாலும் கடை அடைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு மேல் கிளம்புகிற அக்கா தங்கைகள் வெள்ளை போர்டு போட்ட அந்தச் சாதாரணப் பேருந்து வரும் வரை தனியாக நிற்க முடியாமல், வந்த பஸ்ஸில் காசு கொடுத்து ஏறிவிடுகிறார்கள். அதனால் இந்த வாரப் பாஸ் ஆண்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல. இந்த மனுவில் கையெழுத்துப் போட்ட பெண்கள் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள்.

அப்புறம் தனியார் நகரப் பேருந்துகள். கோவையில் இவை இல்லாமல் காலை நேரத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அரசுப் பாஸ் இவற்றில் செல்லாது என்றால் பாஸின் பலன் பாதியாகிவிடும். வழித்தட அனுமதி வழங்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தாங்களே தலைவர் என்பதால்தான் இந்த மனுவைத் தங்களிடம் கொண்டுவந்தோம். பஸ் உரிமையாளர்களையும் போக்குவரத்துக் கழகத்தையும் ஒரே மேஜையில் உட்கார வைக்கத் தங்களால் முடியும். பாஸைக் கருவியில் காட்டி ஏறினால் எந்தப் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பது பதிவாகிவிடும். அந்தக் கணக்குப்படி பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். தனியார் முதலாளிகளுக்கு நஷ்டம் வரக் கூடாது என்பதில் எங்களுக்கும் அக்கறை உண்டு. அந்தப் பஸ்களும் நின்றுவிட்டால் அவதிப்படுவது நாங்கள்தான்.

வாரப் பாஸோடு நாள் பாஸும் வேண்டும். துடியலூரிலிருந்து வயதான அப்பாவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் போக வர நாலு நாலு டிக்கெட். ரத்தப் பரிசோதனைக்கு வெளியே அனுப்பினால் மேலும் இரண்டு. அன்றைக்கு வேலைக்கும் போகாததால் கூலியும் கிடையாது. அப்படிப்பட்ட நாளுக்கு ஒரு நாள் பாஸ் பெரிய உதவி. அது இரவு 12 மணியோடு முடியாமல் அன்றைய கடைசிப் பேருந்து வரை செல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாம் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் அதைத்தான் எடுப்பார்கள். சென்னையில் 60 வயது ஆனவர்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். அது கோவைப் பெரியவர்களுக்கும் கிடைக்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையம் – கோவை பாசஞ்சர் ரயில் துடியலூரில் நிற்கிறது. ரயில்வே சீசன் டிக்கெட் மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், வருடம் என்று கிடைக்கிறது, பஸ் செலவை விட மிகவும் குறைவு. ஜங்ஷன் பக்கம் வேலை இருப்பவருக்கு அதுவே போதும். ஆனால் இது எங்கள் பகுதியிலேயே பலருக்குத் தெரியவில்லை.

அதனால்தான் பலகை கேட்கிறோம். ஏற்கெனவே உள்ள பாஸ்கள், புதிதாக வருகிறவை, மாணவர் பாஸ், மாற்றுத்திறனாளிகள் சலுகை, ரயில் சீசன் எல்லாவற்றையும் ஒரே பலகையில் பெரிய எழுத்தில் பேருந்து நிலையங்களில் வைக்க வேண்டும். அதில் விலை மட்டும் இருந்தால் போதாது. ஒரு நாளைக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் டிக்கெட் எடுக்கிறவருக்கு மாதப் பாஸ் லாபம், வாரத்தில் இத்தனை நாளுக்கு மேல் போகிறவருக்கு வாரப் பாஸ் லாபம் என்று கணக்கும் போட்டிருக்க வேண்டும். எந்தப் பாஸ் எந்தப் பஸ்ஸில் செல்லும் என்பதை நிறத்தால் காட்டினால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு உயர்மட்டப் பாலம் திறந்தார்கள். ஊருக்குத் தேவையான பாலம்தான். ஆனால் லட்சுமி மில், பீளமேடு, ஹோப்ஸ் என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளை ஏற்றி இறக்கும் டவுன் பஸ் கீழேதான் போயாக வேண்டும். பஸ்ஸில் போனால் நேரமும் ஆகிறது, காசும் மிச்சமில்லை என்று எங்கள் பிள்ளைகள் தவணையில் பைக் எடுக்கிறார்கள். ஒவ்வொரு இரவும் அவர்கள் வீடு திரும்புகிற வரை பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பஸ் லாபம் என்று ஆகிவிட்டால் அவர்களில் பாதிப் பேராவது பஸ்ஸுக்குத் திரும்புவார்கள் என்று நம்புகிறோம்.

ஊர் முழுவதும் ஒரே நாளில் கொண்டுவருவது சிரமம் என்றால், துடியலூர் – காந்திபுரம், காந்திபுரம் – உக்கடம் – குறிச்சி என்ற இரண்டு தடங்களில் மட்டும் மூன்று மாதம் வாரப் பாஸை நடத்திப் பார்க்கலாம். எத்தனை பேர் எடுக்கிறார்கள், வருமானம் கூடுகிறதா குறைகிறதா என்பது கருவியிலேயே தெரிந்துவிடும். பாஸ் பற்றி ஒவ்வொரு பட்டறையிலும் மில் கேட்டிலும் சொல்லி ஆள் சேர்க்கும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

இந்த மனுவைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பி வைப்பதோடு, கழகம், பஸ் உரிமையாளர்கள், பயணிகள் மூன்று தரப்பையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு வருவதற்கே எங்களில் சிலர் அன்றைய கூலியை விட்டுத்தான் வந்திருக்கிறோம். ஆகவே அந்தக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் எல்லோராலும் வர முடியும்.

இப்படிக்கு,
துடியலூர், வெள்ளக்கிணறு, கவுண்டம்பாளையம் பகுதிப் பேருந்துப் பயணிகள்

இடம்: துடியலூர்
இணைப்பு: பயணிகளின் கையெழுத்துப் பட்டியல்