வர்க்கமூலத்தைச் சுருக்குவது பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம் நடத்தும்போது, "கைப்பேசியில் தட்டினால் விடை வந்துவிடுகிறதே, √72 என்பதை 6√2 என்று எழுதுவதால் என்ன பயன்?" என்று மாணவர்கள் கேட்டதாக எழுதியிருந்தாய். பாடநூல் அப்படிக் கேட்கிறது என்பதைத் தவிர வேறு பதில் உனக்கே திருப்தியாகச் சொல்ல வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அது நியாயமான கேள்வி என்பதால் அதற்கு முழுமையாகவே பதில் எழுதுகிறேன்.

நான் நிலம் அளந்து பிழைத்தவன். ஆகவே நிலத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு ஏக்கர் நிலம் சரியான சதுரமாக இருந்தால் அதன் பக்கம் எவ்வளவு என்று கேள். கைப்பேசி 208.71 அடி என்று காட்டும். அந்த எண்ணை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது வேறு எதையும் சொல்லாது. இப்போது 43,560 என்பதைப் பகா காரணிகளாகப் பிரிக்கச் சொல். மூன்று 2, இரண்டு 3, ஒரு 5, இரண்டு 11 கிடைக்கும். இணை சேர்ந்தவை மூலக்குறிக்கு வெளியே வர, தனித்து நிற்கும் 2-உம் 5-உம் உள்ளே தங்க, விடை 66√10 என்று ஆகும். அந்த 66 தற்செயலாக வந்த எண் அன்று. ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் கண்டர் 1620-இல் வகுத்த, நிலம் அளக்கும் சங்கிலியின் நீளம் 66 அடி; அதில் 100 லிங்க், அதாவது கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 43,560 என்ற விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கிய வடிவம் தானாகவே வெளிப்படுத்திவிடுகிறது. தசம விடையோ அதை மறைத்துவிடுகிறது.

இன்னொரு படி போகலாம். ஒரு ஏக்கரில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. லிங்க் கணக்கில் அது சரியாக 1,000 சதுர லிங்க். எனவே சதுரமான ஒரு சென்ட்டின் பக்கம் √1000, அதாவது 10√10 லிங்க். ஏக்கரின் பக்கத்தை லிங்க்கில் எழுதினால் 100√10. இரண்டையும் அருகருகே வைத்தால், பரப்பு நூறு மடங்கானால் பக்கம் பத்து மடங்குதான் ஆகும் என்பது கணக்குப் போடாமலேயே தெரியும். 208.71, 20.87 என்று அடியில் எழுதினாலும் அது தெரியும்தான். ஆனால் நான்கு சென்ட், ஒன்பது சென்ட், இரண்டு சென்ட் என்று கேட்கத் தொடங்கினால் தசமங்கள் ஒன்றோடொன்று உறவில்லாத எண்களாகிவிடும். சுருக்கிய வடிவத்தில் அவை 20√10, 30√10, 20√5 லிங்க் என்று உறவைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டு மனைக்கு வருவோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. மனைப் பிரிவுகளில் பெரும்பாலும் நாற்பதுக்கு அறுபது என்று போடுவார்கள். அதன் மூலைவிட்டத்தைக் கேட்டால் மாணவர்கள் 1,600-ஐயும் 3,600-ஐயும் கூட்டி, √5200 என்று எழுதி, பிறகு காரணி தேடுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல். கூட்டுவதற்கு முன்பே இரண்டு பக்கங்களுக்கும் பொதுவான 20-ஐ வெளியே எடுத்துவிட்டால், மிஞ்சுவது இரண்டுக்கு மூன்று என்ற செவ்வகம், நான்கும் ஒன்பதும் பதின்மூன்று, விடை 20√13. வெளியே நிற்கும் எண் மனையின் அளவைச் சொல்கிறது, உள்ளே நிற்கும் எண் அதன் வடிவத்தைச் சொல்கிறது. இருபதுக்கு முப்பது மனைக்கு 10√13, அறுபதுக்குத் தொண்ணூறு மனைக்கு 30√13. இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். சுருக்குவது என்பது விடையின் கடைசி வரிக்கான அலங்காரம் அன்று, கணக்கின் முதல் வரியிலேயே செய்ய வேண்டிய வேலை. அரை கிரவுண்டான முப்பதுக்கு நாற்பது மனையில் பத்தை வெளியே எடுத்தால் மூன்று, நான்கு, ஐந்து வந்து மூலக்குறியே மறைந்து, மூலைவிட்டம் சரியாக 50 அடி என்று நிற்கும்.

ஆனால் நல்ல மாணவன் ஒருவன் இதைத் திருப்பிப் போட்டு, உள்ளே ஒரே எண் இருந்தால் வடிவமும் ஒன்றுதானா என்று கேட்பான். இல்லை. ஒன்றுக்கு எட்டு செவ்வகத்துக்கும் நான்குக்கு ஏழு செவ்வகத்துக்கும் மூலைவிட்டம் √65-தான். இந்த எதிர்க்காட்டை நீயாகச் சொல்லிவிடாமல் அவர்களையே தேடவிடு.

தோராயம் எப்போது எடுக்க வேண்டும் என்பதில் நீ கண்டிப்பாக இருக்க வேண்டும். நாடா பிடித்து அளக்கும் கொத்தனாரிடம் 20√13 அடி என்று சொல்ல முடியாது. அவருக்கு 72 அடி 1⅓ அங்குலம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே தசமத்துக்கு மாற்றுவது தவறன்று, ஆனால் அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும். √13 என்பதை முதலிலேயே 3.6 என்று வைத்துக்கொண்டு இருபதால் பெருக்கினால் 72 அடி வரும். 1⅓ அங்குலம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் அறுபதடிப் பக்கத்தை வைத்துக்கொண்டு, அந்த 72 அடியை மூலைவிட்டமாகக் கொண்டு நாற்பதடிச் சுவருக்கு முளை அடித்தால், சுவரின் மறுமுனை செங்கோணத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். அதே போல் ஏக்கரின் பக்கத்தை 209 அடி என்று முழுமையாக்கிப் பெருக்கிப் பார்த்தால் 43,681 சதுர அடி வரும். கூடுதலான 121 சதுர அடி கால் சென்ட்டுக்கும் அதிகம். எங்கள் வேலையில் கால் சென்ட்டுக்காக அண்ணன் தம்பிகள் பேசாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

போதையனார் பெயரில் ஒரு பாடல் சமூக ஊடகங்களில் சுற்றுவது உனக்குத் தெரிந்திருக்கும். உன் வகுப்பிலும் யாராவது அதைக் கொண்டுவருவார்கள். நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, மற்றப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைவிட்டம், கிடைக்கும், வர்க்கமூலமே வேண்டாம் என்பது அதன் செய்தி. முப்பதுக்கு நாற்பதில் 35-உம் 15-உம் சேர்ந்து சரியாக 50 வருகிறது. ஐந்துக்குப் பன்னிரண்டிலும் சரியாக 13 வருகிறது. நாற்பதுக்கு அறுபதில் போட்டால் 72.5 வருகிறது, அதாவது நான்கு அங்குலத்துக்கு மேல் அதிகம். நாற்பதடிச் சதுரத்தில் 55 வருகிறது. உண்மை விடையான 40√2, 56 அடியைத் தாண்டிவிடும். மனக்கணக்காகச் சொல்ல அது அழகான தோராயம்; அதைப் பிதாகரஸ் தேற்றத்துக்கு மாற்று என்று சொல்வது சரியன்று. மாணவர்கள் பெருமையோடு கொண்டுவரும்போது மட்டந்தட்டாமல், எந்தெந்தச் செவ்வகங்களில் அது சரியாக வருகிறது என்று அவர்களையே கணக்கிடச் சொன்னால், ஒரு வகுப்பு முழுவதும் அதிலேயே பயனுள்ளதாகப் போகும்.

கூட்டலில் அவர்கள் செய்யும் பிழையையும் எழுதியிருந்தாய். √50 + √8 என்பதை √58 என்று எழுதிவிடுகிறார்கள். விதியைச் சொல்லித் திருத்துவதைவிடப் படம் வரையச் சொல். ஐந்து மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாத்தி ஒன்று; அதன் மூலையைத் தொட்டுக்கொண்டு, மூலைவிட்டம் ஒரே கோட்டில் நீளும்படி இரண்டு மீட்டர் சதுரப் பாத்தி இன்னொன்று. முதல் பாத்தியின் மூலைவிட்டம் √50, அதாவது 5√2. அடுத்தது √8, அதாவது 2√2. இரண்டையும் கடந்து ஒரே கம்பியை இழுத்தால் அது ஏழு மீட்டர் சதுரத்தின் மூலைவிட்டம். நீளம் 7√2, கிட்டத்தட்ட 9.9 மீட்டர். √58 என்றால் ஏழரை மீட்டர் சொச்சம்தான். முதல் பாத்தியைத் தாண்டி அரை மீட்டருக்குச் சற்று மேல் போனதுமே கம்பி தீர்ந்துவிடும். படத்தில் அதைக் கண்ட பிள்ளை மறுபடியும் 58 என்று எழுதுவது அரிது.

பாதியில் நிறுத்திவிடும் பழக்கத்துக்கு அதிகம் கவலைப்படாதே. √72 என்பதை 3√8 என்று எழுதியவன் தவறு செய்யவில்லை, இன்னும் ஒரு படி பாக்கி வைத்திருக்கிறான். மதிப்பெண் போடும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்.

கணக்குகளை உருவாக்கும்போது, எல்லாவற்றிலும் முழு எண்ணாகவே விடை வரும்படி அமைக்காதே. அப்படி அமைத்தால் சுருக்குவதற்கான தேவையே எழாது. உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலின் இரு பக்கங்களையும் மாணவர்களைக் கொண்டே அளக்கச் செய்து, பொதுக் காரணியை வெளியே எடுத்து மூலைவிட்டத்தைக் கணக்கிட்டு, பிறகு நாடா பிடித்துச் சரிபார்க்கச் சொல். ஐம்பது மீட்டர் நாடா இங்கே பரணில் சும்மா கிடக்கிறது. அடுத்த வாரம் பேருந்தில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா