நோட்டீசில் இரண்டு பெயரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எண்பது வயதைத் தாண்டிய ராக் பாடகர்கள் இன்னும் மேடையேறுவதைப் பற்றி உங்கள் ஞாயிறு பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். அது வயதை வியந்த அளவுக்கு ஜோடியைக் கவனிக்கவில்லை. நம் திருவிழா மேடைகளிலும் இதே தவறு நடப்பதால்தான் எழுதுகிறோம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பாடகர் மிக் ஜாகர், கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் இருவருமே 1943இல் பிறந்தவர்கள். நடுவில் முட்டிக்கொண்டு, ஜாகர் 1985இலும் ரிச்சர்ட்ஸ் 1988இலும் தனி ஆல்பம் போட்டார்கள். ரிச்சர்ட்ஸ் போட்டது நன்றாகவே இருக்கும். ஆனாலும் இன்று டிக்கெட் வாங்கி வருகிற கூட்டம் அந்தப் பாட்டுகளுக்காக வருவதில்லை. 1989இல் மறுபடி சேர்ந்து ஆல்பம் கொடுத்தார்கள். 2023இலும் புதிதாக ஒன்று வந்தது.

காரணத்தை அவர்கள் கிட்டாரிலேயே பார்க்கலாம். பல பாட்டுகளுக்கு ரிச்சர்ட்ஸ் தடித்த ஆறாம் தந்தியைக் கழற்றிவிட்டு, மீதி ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்ற ஸ்வரங்களில் வைத்துக்கொள்வார். விரலே வைக்காமல் மீட்டினாலும் ஜி மேஜர் கார்டு (ஸ்வரக் கூட்டு) முழுசாகப் பேசும். பக்கத்தில் 1975 முதல் நிற்கிற இன்னொரு கிட்டார்க்காரர் ரோனி வுட் அவர் விட்ட சந்தில் நுழைவார். எது யார் வாசித்தது என்று பிரிப்பது கஷ்டம். பரமக்குடித் தறியில் பாவும் ஊடையும் மாதிரிதான்.

எழுத்திலும் இதே கதை. எல்டன் ஜானும் பெர்னி டாபினும் 1967 முதல் கூட்டாளிகள். டாபின் வரிகளை எழுதிக் கொடுத்துவிடுவார், எல்டன் தனியாக உட்கார்ந்து மெட்டுப் போடுவார். நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். வரிசை மாறினாலும், ஒருவர் வேலையை இன்னொருவர் காது சோதிக்கிறது என்பது மாறவில்லை. பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்றில் மெக்கார்ட்னி ‘எல்லாம் நாளுக்கு நாள் நலமாகிறது’ என்ற பொருளில் ஒரு வரி பாட, லெனன் ‘இதைவிடக் கெட என்ன இருக்கிறது’ என்று குறுக்கே ஒரு வரி போட்டார். அந்தக் குறும்பு இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வெறும் இனிப்பு. தனியே போகிறவருக்கு முதலில் கைவிட்டுப் போவது ‘இது வேண்டாம்’ என்று சொல்கிற ஆள்.

விஸ்வநாதன் 1965இல் ராமமூர்த்தியைப் பிரிந்தபின்னும் வென்றாரே என்பார்கள். வென்றார்தான். ஆனால் தனியாக எங்கே இருந்தார்? 1981 வரை எதிரே கண்ணதாசன் உட்கார்ந்திருந்தார், அவர் நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்.

இதை எழுதக் காரணம் நம் கரையோரத் திருவிழா மேடைகள். தொண்டி முதல் மூக்கையூர் வரை கோயில் கொடை, சர்ச் திருவிழா எதுவானாலும், முப்பது நாற்பது வருடம் ஒன்றாக வாசித்த ஜோடிகளில் பாடகரை மட்டும் பேசிக் கூப்பிட்டு, பின்னால் டிராக் (முன்பே பதிவுசெய்த பின்னணி இசை) ஓடவிடும் வழக்கம் பெருகிவிட்டது. செலவு குறையும், உண்மை. ஆனால் வயதான குரலைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அறுபதைத் தாண்டிய ஆண் குரலுக்கு உச்சஸ்தாயியில் பெரும்பாலும் இரண்டு ஃப்ரெட்டாவது போய்விடும் (ஒரு ஃப்ரெட் என்பது கிட்டாரில் ஒரு கட்டம், அரை ஸ்வர அளவு). டிராக்கோ ஒரிஜினல் ஸ்கேலில் (சுருதியில்) இருக்கும். செயலியில் ஒன்றிரண்டு இறக்கினால் சமாளிக்கலாம். நான்கு இறக்கினால் டிரம்ஸ் சத்தம் ஈரச் சாக்கைத் தட்டினாற்போல ஆகிவிடும். சரணத்துக்கு முன் மூச்சு வாங்கினால் டிராக் நிற்காது. கூடவே வாசித்துப் பழகியவர் பாடகரின் தோள் ஏறுவதைப் பார்த்தே இடையிசையை இரண்டு பார் (தாளச் சுற்று) நீட்டிவிடுவார்.

ஸ்கேலை இறக்குவதும் தனி வேலை. கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டுத் தட்டினால் போதும். கிட்டாரில் அது நடக்காது. கழுத்தில் மாட்டும் கேப்போ என்ற கிளிப் சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. ஜி-யில் இருக்கிற பாட்டை எஃப்-க்குக் கொண்டுவர, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஈ-யின் கைப்பிடியில் வாசிக்க வேண்டும். நிகழ்ச்சி முழுக்க ஒரு ஃப்ரெட் இறக்கம் என்றால் ஆறு தந்தியையும் தளர்த்தலாம். அப்போது மெல்லிய 10 கேஜ் தந்தி தொளதொளவென்று ஃப்ரெட்டில் அடிக்கலாம், சற்றுத் தடித்த 11 போட்டால் நல்லது. தபலாவின் வலது முகத்தை ஒரு ஃப்ரெட் அளவுக்குச் சுத்தியலால் இறக்கலாம். அதற்குமேல் நாதம் செத்துவிடும், வேறு தபலா எடுக்க வேண்டும். அடிக்கடி நடக்கிற விபத்து ஒன்று: டிரான்ஸ்போஸைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்து அடுத்த பாட்டைத் தொடங்குவது. பல்லவி முதல் வரியிலேயே மானம் போகும். பழைய ஜோடியில் கிட்டார்க்காரர் அதற்கு முன்பே தலையாட்டி எச்சரித்துவிடுவார்.

கமிட்டிக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். 7 மணி நிகழ்ச்சியில் ஒரு மணி நேரத்தைப் பொன்னாடை தின்றுவிட்டால், மீதி நேரத்தில் உச்சஸ்தாயிப் பாட்டுகளை அடுத்தடுத்துப் பாடச் சொல்வீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். குரல் சூடேற மூன்று பாட்டு வேண்டும். கடினமானது நான்காவதோ ஐந்தாவதோ வரட்டும், அடுத்த பாட்டைக் கூட இருப்பவர் பாடட்டும். மற்றொன்று, பாம்பன் பாலத்தையே அரிக்கிற காற்று கிட்டாரை விடாது. ஒன்றாம், இரண்டாம் தந்திகள்தான் முதலில் துருவேறும், துருத் தந்தியில் சுதி நிற்காது. நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைப்பது வாசிப்பவர் பொறுப்பு. ஆனால் புதுத் தந்தி ஒரு செட்டின் விலையைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

ஜோடியைப் பேசும்போதே எந்தப் பாட்டு எந்த ஸ்கேல் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் அடிக்கும்போது இரண்டு பெயரையும் ஒரே எழுத்து அளவில் போடுங்கள். விழாச் செய்தி வெளியிடும்போது உங்கள் நிருபர்களும் அப்படியே செய்யலாம்.

இப்படிக்கு,
மெல்லிசை வாத்தியக்காரர்கள் சிலர்,
மண்டபம்.