செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: கண்ணாடி மணி பயிலும் குழு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சந்தா பாக்கி இல்லை. எல்பிஜியும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் டார்ச்சின் சுடரில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, எஃகுக் கம்பியில் சுற்றி, மாலையில் கோக்கும் மணி செய்வதே நம் வேலை. இந்த ஆண்டு அதில் நாம் கற்றதைப் பற்றியே அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுக் கார் ஷெட்டை நமக்கு விட்டுக்கொடுத்தார். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால் சிலிண்டரை வெளியே, திறந்த வெளியில் நிறுத்தினோம். ஆக்சிஜனுக்குச் செலவே இல்லை. 2021இல் தம் தந்தைக்காக வாங்கிய, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டரை இன்னொரு உறுப்பினர் கொண்டுவந்து கொடுத்தார். "அப்பா போன பிறகு அதைப் பார்க்கவே மனசு வரல, இங்க ஓடட்டும்" என்றார். அவருக்கு இந்த அவை நன்றி சொல்ல வேண்டும்.

சென்னையில் இந்தக் கைவேலைக்குப் பெரிய எதிரி மின்விசிறி. போட்டால் சுடர் அலையும். நிறுத்தினால் உட்கார முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வகுப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்றினோம். சுடருக்குப் பின்னால் புகைபோக்கி விசிறி, முதுகுப் பக்கம் திறந்த ஜன்னல் என்று அமைத்த பிறகு தலைவலி நின்றது. சூடான கண்ணாடியிலிருந்து எழும் மஞ்சள் ஒளி வேலையையே மறைத்துவிடும் என்பதால், அந்த ஒளியை வடிகட்டும் டிடிமியம் மூக்குக்கண்ணாடி இல்லாமல் யாரும் டார்ச் முன் அமரக் கூடாது என்று தீர்மானித்தோம்.

முதல் மாதங்களில் எஃகுக் கம்பியில் களிமண் பூச்சு சரியாக உலராமல், மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அது கைப்பழக்கத்தில் சரியானது. மனதை உடைத்தது விரிசல்தான். ஒரு கடையில் "எல்லாம் ஒரே கண்ணாடிதான்" என்று சொல்லிக் கொடுத்த பெயரில்லாத குச்சிகளை, விரிவுக் குணகம் (சூட்டில் கண்ணாடி எவ்வளவு விரியும் என்ற அளவு) 104 உள்ள இத்தாலியக் குச்சிகளோடு சேர்த்துச் சுற்றினோம். மணிகள் அழகாகவே வந்தன. நான்காம் நாள் பெட்டியைத் திறந்தால் பாதி பிளந்திருந்தன. ஆறும்போது ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கியதே காரணம். இப்போது ஒவ்வொரு குச்சிக்கும் சீட்டு ஒட்டுகிறோம்.

ஐப்பசி மழையில் இன்னொரு பாடம். மணிகள் விரிசல் விடாமலிருக்க, சூளையை 510 டிகிரியில் வைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிட இருந்தபோது மின்சாரம் போனது. சுவர் மெல்லிய சிறு சூளை, சீக்கிரம் குளிர்ந்துவிட்டது. சிறிய மணிகள் பிழைத்தன. பெரியவற்றில் ஒன்றும் தேறவில்லை. மழை எச்சரிக்கை உள்ள நாளில் பெரிய மணி செய்வதில்லை என்று அன்றே முடிவு செய்தோம்.

நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததால், பழங்காலத்தில் கண்ணாடி மணிகள் செய்த துறைமுக ஊரான அரிக்கமேட்டுக்கு டிசம்பரில் திட்டமிட்ட பயணம் ஜனவரிக்குத் தள்ளிப்போனது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அந்த மேட்டில் இன்று கண்ணுக்குத் தெரிவது குறைவு. புதுச்சேரி அருங்காட்சியகத்தில்தான் நாங்கள் அசையாமல் நின்றோம். அங்கிருந்த அரிக்கமேட்டுச் சின்ன மணிகள் நம்முடையவை போலக் கம்பியில் சுற்றியவை அல்ல. கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கியவை. உருப்பெருக்கியில் பார்த்தால் இழுத்த மணியில் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டிருக்கும், சுற்றிய மணியில் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். அதே இழுக்கும் முறை திருப்பதி அருகே பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம்வரை வாழ்ந்து வந்திருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நாம் இன்னும் அங்கே போகாதது எனக்குப் பெரிய குறை. அடுத்த ஆண்டின் முதல் பயணமாக அதை வைக்க அவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

துளையைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது தண்ணீருக்குள் வைத்தே செய்யுங்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். துளையில் ஒட்டியிருக்கும் களிமண் பூச்சின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்